சீந்தில் பொடியும் சீந்தில் சர்க்கரையும்: கடற்கரை ஊர்களில் கெடாமல் செய்வது எப்படி

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரையோர ஊர்களில் வேப்பமரத்தில் சீந்தில் படர்ந்திருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். கொடிக்குப் பஞ்சமில்லை. அதைப் பொடியாக்கி மூன்று மாதம் கெடாமல் வைப்பதுதான் இங்கே பாடு. உள்மாவட்டங்களில் ஒரே வாரத்தில் முறுகிக் காயும் தண்டு, பாம்பனிலும் மண்டபத்திலும் பத்து நாள் ஆன பிறகும் வளைந்து கொடுக்கும். மேலே காய்ந்ததாகத் தெரியும், நடுவில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு இடித்த பொடி டப்பாவுக்குள் கட்டியாகிப் பூசணம் பிடிக்கும். உப்புக்காற்றும் உவர் தண்ணீரும் உள்ள ஊருக்கு எந்த இடத்தில் முறையை மாற்ற வேண்டும் என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறோம்.

பொடிக்குப் போகும் முன் ஒன்று. சீந்தில் பச்சையாகவே பயன்படுத்த வேண்டிய மூலிகைகளில் சேர்ந்தது என்று பழைய மருந்து நூல்கள் வகைப்படுத்துகின்றன. வீட்டு வாசலில் கொடி இருப்பவர்களுக்குக் குடிநீர் காய்ச்சுவதே நல்ல வழி. பொடி என்பது கொடி கிடைக்காத ஊருக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும், வேறு மருந்துகளோடு சேர்ப்பதற்கும்தான்.

கொடியை அடையாளம் காண்பது

தவறு நடந்தால் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். இலை இதய வடிவில் வழுவழுப்பாக, நீண்ட காம்போடு இருக்கும். ஆனால் இலையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கோடையில் இலை உதிர்ந்துவிடும். அறுவடைக்கு ஏற்ற பருவமும் அதுதான். தண்டைப் பாருங்கள். முற்றிய தண்டின் மேல் காகிதம் போன்ற சாம்பல் நிறத் தோல் இருக்கும். நகத்தால் சுரண்டினால் அது உரிந்து, உள்ளே பளிச்சென்று பச்சை தெரியும். தோலில் சிறு புள்ளிகள் இருக்கும், ஆனால் விரலை ஓட்டினால் கரடுமுரடாக முட்டாது. மரத்தின் உயரத்திலிருந்து நூல் போன்ற விழுதுகள் தரையை நோக்கித் தொங்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் வெட்டுவாயில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல மையத்திலிருந்து கோடுகள் விரிந்திருக்கும். கசிவது நிறமற்ற வழவழப்பான சாறு. நாக்கில் வைத்தால் கசப்பு மெதுவாக ஏறி வெகுநேரம் நிற்கும்.

தண்டு முழுக்க மரு போலப் பெரிய முண்டுகள் துருத்திக்கொண்டிருந்தால் அது டினோஸ்போரா கிரிஸ்பா என்னும் வேறு இனம். நம் சீந்தில் டினோஸ்போரா கார்டிஃபோலியா. கிரிஸ்பா கசப்பில் இன்னும் கடுமையானது, கல்லீரலைப் பாதித்ததாகப் பதிவானது. சில நர்சரிகளில் இரண்டையும் சீந்தில் என்ற பெயரிலேயே விற்கிறார்கள். இலையின் அடிப்புறம் மயிர் அடர்ந்து மெத்தென்று இருந்தால் அதுவும் வேறு இனம். வெட்டியதும் வெள்ளைப் பால் வடிந்தால் அது கொடிக்கள்ளி போன்ற ஏதோ ஒன்று, தொடவே வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் ஒரு முழத் தண்டையும் இலையையும் அரசு சித்த மருத்துவப் பிரிவில் காட்டிக் கேளுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

எந்த மரத்தில் ஏறிய கொடி என்பதையும் நம் மரபு பார்க்கிறது. வேம்பில் படர்ந்ததற்கு மதிப்பு அதிகம். எட்டி போன்ற நச்சு மரத்தில் ஏறியதை எடுக்க மாட்டார்கள். இந்தக் கரையில் இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை வேறு: உப்பளக் கரையில் நிற்பது, இறால் பண்ணைக் கழிவுநீர் போகும் வாய்க்கால் ஓரம் நிற்பது, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் புழுதி குடித்து நிற்பது. இவற்றை விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா எல்லைக்குள் இருப்பவை. அங்கே இறங்கி எந்தக் கொடியையும் பறிக்கக் கூடாது.

எப்போது, எவ்வளவு வெட்டுவது

கோடைதான் பருவம். ஆயுர்வேத மருந்து நூலும் மே மாதத்தையே குறிக்கிறது. இலை உதிர்ந்து, சத்து மாவாகத் தண்டில் தங்கியிருக்கும் நேரம் அது. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு: சித்திரை, வைகாசி வெயிலில்தான் இங்கே எதுவும் ஒழுங்காகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வரும்போது பொடி செய்யும் எண்ணத்தையே விட்டுவிடலாம். அந்த மாதங்களில் குடிநீர் மட்டும் போதும்.

கட்டை விரல் பருமன் உள்ள தண்டு வேண்டும். பென்சில் பருமனில் இருப்பது இளசு, நீர்ச்சத்துதான் மிச்சம். மணிக்கட்டுப் பருமனுக்குப் போனது நார்க்கட்டை. அடியோடு வெட்டாமல், தரையிலிருந்து இரண்டு அடி விட்டு, பாதிக் கொடியை மரத்திலேயே நிறுத்துங்கள். ஒரு குடும்பத்துக்கு 2 கிலோ பச்சைத் தண்டு தாராளம். காய்ந்தால் அது ஏறக்குறைய 500 முதல் 650 கிராம் வரை நிற்கும். இடித்துச் சலித்தால் நார் கழிந்து இன்னும் குறையும். எடை இவ்வளவு குறைகிறதே என்று பதற வேண்டாம். குறையாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், ஈரம் போகவில்லை என்று அர்த்தம்.

பொடி

தண்டைக் கழுவி, காகிதத் தோலைக் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். பச்சைப் பட்டையைச் சீவிவிடக் கூடாது. உப்பும் புழுதியும் பிடித்திருப்பது மேல்தோலில்தான். அதை விட்டுவைத்தால் பொடி கறுக்கும், தொண்டையில் கரகரக்கும்.

அடுத்தது நறுக்குவது. உள்மாவட்டங்களில் இரண்டு அங்குலத் துண்டாக வெட்டிக் காயப்போடுவார்கள். கடற்கரையில் அது ஆகாது. நெடுக்கே இரண்டாகப் பிளந்து, பிறகு கால் அங்குல வில்லைகளாக நறுக்குங்கள். வேலை இரட்டிப்புதான். ஆனால் முழுத் துண்டில் மேற்புறம் முதலில் இறுகி உள்ளீரத்தை அடைத்துக்கொள்ளும். பிளந்தால் அந்தப் பிரச்சினையே வராது.

காயவைக்கும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல காற்றோட்டமுள்ள நிழல், பனையோலைப் பாய், அதன் மேல் வெள்ளைத் துணி. பாய் தரையில் படாமல் கட்டில் மேலோ செங்கல் வைத்த பலகை மேலோ இருக்கட்டும். மணல் தரை இரவில் ஈரம் கக்கும். வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் விரித்து, நான்கு மணிக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். சாயங்காலக் கடல்காற்றில் அரை மணி நேரம் விட்டால்கூடப் பகல் முழுக்கக் காய்ந்ததில் பாதி வீணாகும். உள்ளே எடுத்ததை மூடிய அண்டாவில் அடைக்க வேண்டாம், அகலமான முறத்தில் பரப்பித் துணி போர்த்துங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்து வீடுகளில் உப்புத் துளியே காற்றோடு வரும். சுவர் மறைவில்தான் காயப்போட வேண்டும். கருவாட்டுக் களத்துக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. வாடையும் ஈயும் சேர்ந்து வரும்.

மற்ற நாளெல்லாம் நிழல், கடைசி நாள் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் இளவெயில். இப்படிச் செய்தால் சித்திரையில் ஆறேழு நாளில் காய்ந்துவிடும். பதம் பார்க்க ஒரு வில்லையை எடுத்து ஒடியுங்கள். "டக்"கென்று முறிந்தால் சரி. வளைந்தால், நார் நாராகக் கிழிந்தால், இன்னும் இரண்டு நாள். ஒரு கைப்பிடி வில்லையைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தும் பார்க்கலாம். பாட்டிலின் உட்புறம் பனித்தால் ஈரம் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் இந்தப் பாட்டில் சோதனை கையால் ஒடித்துப் பார்ப்பதைவிட நம்பகமானது.

காயும்போதே வில்லையின் வெட்டுவாயில் பஞ்சு போல வெள்ளையோ பச்சையோ படர்ந்தால் அந்த வில்லைகளையும் அவற்றைத் தொட்டுக் கிடந்தவற்றையும் எறிந்துவிடுங்கள். துடைத்து மறுபடி வெயிலில் போட்டால் பூசணம் கண்ணுக்கு மறையும், அது உண்டாக்கிய நஞ்சு போகாது.

சீந்தில் நார் கெட்டியானது. நேராக மிக்ஸியில் போட்டால் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறும். முதலில் உரலில் போட்டு உலக்கையால் இடித்து நாரைப் பிரித்துவிட்டு, பிறகு மிக்ஸியில் சிறிது சிறிதாக, விட்டு விட்டு ஓட்டுங்கள். மாவு மில்லுக்குக் கொடுப்பதானால் முன்னால் மிளகாயோ மல்லியோ அரைத்த இயந்திரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரைத்ததை மெல்லிய பருத்தித் துணியில் சலிப்பதுதான் சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்பது. சல்லடை போதும் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நார்த் துணுக்குகள் தொண்டையைக் குத்தும். துணியில் நிற்கும் திப்பியைக் குடிநீருக்கு வைத்துக்கொள்ளலாம்.

சூரணத்தைப் பிட்டவியல் செய்து சுத்தி செய்வது சித்த முறை. மண்பானையில் பசும்பாலும் தண்ணீரும் சம அளவில் பாதி வரை ஊற்றி, வாய்க்குத் துணி கட்டி, அதன்மேல் சூரணத்தை வைத்து மூடி ஆவியில் அவித்து, உலர்த்தி, மறுபடி பொடித்துச் சலிக்க வேண்டும். இது மருத்துவர் மேற்பார்வையில் செய்யும் வேலை. பால் ஆவி ஏறிய பொடியைக் கடற்கரையில் திரும்ப உலர்த்துவது எளிதல்ல, ஒரே நாளில் புளிப்பு வாடை வந்துவிடும். வெயில் உறுதியாகத் தெரியாத நாளில் தொடங்காதீர்கள்.

சித்த மருத்துவம் சூரணத்துக்குக் கொடுக்கும் ஆயுள் மூன்று மாதம். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டக் கூடாது. பிளாஸ்டிக் பை வேண்டாம். 100 கிராம் பிடிக்கும் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் விளிம்பு வரை அழுத்தி நிரப்பி மூடுங்கள். பெரிய பாட்டிலில் தினமும் திறந்து மூடினால், திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகும். வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசியைச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி மேலே வைக்கலாம். ஈரக் கரண்டி படக் கூடாது. நல்ல பொடி வெளிர் பழுப்பாக, கொஞ்சம் பச்சை கலந்து, சிந்தினால் தூளாக விழும். கசப்பு இருக்க வேண்டும். கசப்பே இல்லாமல் மாவு மாதிரி இருந்தால் வேறெதோ கலந்தது. மாவுச்சத்து நிறைந்ததால் வண்டும் விரும்பி வரும். பாட்டில் அடியில் மெல்லிய தூசும் நூலாம்படை போன்றதும் தெரிந்தால் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.

சீந்தில் சர்க்கரை

பெயர்தான் சர்க்கரை. இனிப்பு கிடையாது, தண்டிலிருந்து பிரித்தெடுக்கும் வெள்ளை மாவு இது. இதற்குக் காய்ந்த தண்டு உதவாது, வெட்டிய அன்றே தொடங்க வேண்டும்.

தண்ணீரில்தான் இந்தக் கரையில் பலரும் தோற்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்த்தாலும் மாவு படியும்போது அதன் உப்பும் கூடவே தங்கும். காய்ந்த பிறகு அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மாவைப் பிசுபிசுப்பாக்கும். சுத்தமாகப் பிடித்த மழைநீர், காவிரிக் கூட்டுக் குடிநீர், கேன் தண்ணீர் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

2 கிலோ தண்டைத் தோல் சுரண்டி, இரண்டு அங்குலத் துண்டாக்கி, கல்லுரலில் நார் பிரியும்வரை நசுக்குங்கள். 8 லிட்டர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வெளியூர்க் குறிப்புகளில் ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று இருக்கும். இங்கே வைகாசிப் புழுக்கத்தில் பத்து மணி நேரத்திலேயே நுரை கட்டிப் புளிக்கத் தொடங்கும். ஐந்தாறு மணி நேரம் போதும். பிறகு கையால் நன்றாகக் கசக்கிப் பிழிந்து, திப்பியை எடுத்துவிட்டு, நீரை இரட்டைத் துணியில் வடிகட்டுங்கள். அதே திப்பியை இன்னொரு 2 லிட்டரில் ஒருமுறை பிசைந்து வடித்தால் மிச்சமும் வரும்.

வடித்ததை அகலமான எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஆடாமல் அசையாமல் ஆறு மணி நேரம் வையுங்கள். மேல்நீரைச் சாய்த்துக் கொட்டுங்கள். அவசரப்பட்டால் அடியில் படிந்த மாவு கலங்கிக் கூடவே போய்விடும். படிவின் மேல் பழுப்பாக ஒரு ஏடு இருக்கும், அது பட்டைத் தூள். புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி படியவிட்டு, அந்த ஏட்டை வழித்துவிடுங்கள். இப்படி ஒருமுறை, அதிகம் போனால் இரண்டுமுறை. பால் போல வெளுக்க வேண்டும் என்று ஐந்தாறு முறை கழுவுபவர்கள் கசப்புச் சத்து முழுவதையும் தண்ணீரோடு கொட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் சாம்பல் பூத்த வெண்மையும், நாக்கில் இலேசான கசப்பும் இருப்பதே நல்ல சர்க்கரை.

படிவைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மெல்லிய துணி மூடி, வெயிலில் ஒரே நாளில் காயவிடுங்கள். இங்கே நிழலில் போட்டால் புளித்துவிடும். கிடைக்கும் அளவு மிகக் குறைவு, ஒரு கிலோ தண்டுக்கு 10 கிராமிலிருந்து 40 கிராம் வரை. அதனால்தான் கடையில் மலிவாகக் கிடைப்பதை நம்ப முடியாது. கூவைக்கிழங்கு மாவோ மைதாவோ கலந்திருக்கும். அயோடின் சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வது பயன்படாது. சீந்தில் சர்க்கரையும் மாவுச்சத்துதான், இரண்டுமே நீலமாகும்.

பயன்படுத்துவது

கைப்புச் சுவை, முறைவெப்பகற்றி (முறைக் காய்ச்சலைத் தணிப்பது), உடல் தேற்றி என்று சித்த மருத்துவம் சொல்லும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், காய்ச்சலுக்குப் பிந்தைய சோர்வு, பித்த எரிச்சல், அரிப்பு, மூட்டு வீக்கம், மதுமேகம் (சர்க்கரை நோய்) ஆகியவற்றுக்கு மரபில் வழங்கிவருகிறார்கள். குடிநீருக்கு 25 கிராம் பச்சைத் தண்டை நசுக்கி 400 மில்லி தண்ணீரில் சிறுதீயில் காய்ச்சி 100 மில்லியாக வற்றியதும் வடித்துக் குடிப்பது வழக்கம். காய்ச்சிய குடிநீருக்கு ஆயுள் மூன்று மணி நேரம்தான்; காலையில் வைத்ததை மாலையில் சூடாக்கிக் குடிக்கக் கூடாது. பொடிக்கு ஆயுர்வேத மருந்து நூல் ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம் என்று சொல்கிறது. புதிதாக எடுப்பவர்கள் 1 கிராமில் தொடங்குவதே நல்லது. அனுபானமாக, அதாவது பொடியைச் சேர்த்துக் குடிக்கும் துணைப்பொருளாக, தேன், வெந்நீர், பால். கசப்பு தாளாதவர்களுக்குப் பனங்கற்கண்டு கலந்து கொடுக்கலாம், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு மட்டும். சீந்தில், நெல்லி வற்றல், மணல்வெளியெங்கும் முளைக்கும் நெருஞ்சில் காய் மூன்றையும் சம எடையில் சேர்ப்பது ரசாயன சூரணம்.

இனிச் சொல்வதை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலர் மாதக்கணக்கில் சீந்தில் சாப்பிட்டார்கள். கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலையோடு வந்த சிலரைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டன. தன் உடலையே தாக்கும் எதிர்ப்பாற்றல் நோயின் அடையாளங்கள் அவர்களில் பலரிடம் இருந்தன. கிரிஸ்பாவோடு குழப்பிக்கொண்டதால் வந்த வினை என்று ஆயுஷ் அமைச்சகம் விளக்கம் தந்தது. குழப்பம் ஒரு காரணமாக இருக்கலாம். அதை மட்டும் நம்பி, சரியான கொடி என்றால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்வது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

ஆகவே கல்லீரல் நோய், தைராய்டு உள்ளிட்ட தன்னெதிர்ப்பு நோய், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் மருந்து ஆகியவை உள்ளவர்கள் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் தானாகக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். மற்றவர்களும் இரண்டு வாரத்துக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் நீட்ட வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளானால், கண் மஞ்சளித்தால், பசி அற்று உடம்பு அரித்தால் அன்றே நிறுத்திவிட்டு, பொடிப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மழைக்காலத்தில் மூன்று நாளாகக் காய்ச்சல் என்றால் டெங்குவா என்று ரத்தம் பார்ப்பது முதல் வேலை. குடிநீரை நம்பிக் காத்திருக்கக் கூடாது. விற்பனைக்காகத் தயாரிப்பதற்குச் சித்த மருந்து உற்பத்தி உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டிலேயே ஒரு கொடி

அறுவடையில் மிஞ்சும் மெல்லிய தண்டுகளை எறியாதீர்கள். ஒரு சாண் நீளத்தில், இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி, நிழலில் போட்டுவைத்தால் வெகுநாள் உயிரோடு இருக்கும். ஆவணி கடைசியில், மழை தொடங்கும் முன், வேப்பமரத்தின் அடியில், கடல் காற்று நேராக அடிக்காத பக்கமாக ஒரு முழக் குழி தோண்டி, செம்மண்ணும் மக்கிய ஆட்டு எருவும் சம அளவில் நிரப்புங்கள். வெறும் கடல்மணலில் வேர் பிடிக்காது. ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி, வெட்டும் முன்பு இருந்த மேல்கீழ் மாறாமல் நட்டு, துளிர்க்கும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் விடுங்கள். முதல் துளிர் வந்ததும் சணல் கயிற்றால் மரத்தோடு இழுத்துக் கட்டிவிட்டால் பிறகு அதுவாக ஏறிக்கொள்ளும். தண்டு கட்டை விரல் பருமனுக்கு வரும்வரை வெட்டாதீர்கள். ஆடுகள் துளிரைக் கடித்துவிடும் ஊர் இது, முதல் மழைக்காலம் முடியும்வரை சுற்றி முள் அடைத்து வையுங்கள்.